பதில் தெரியாத கேள்வி

நளினி வகுப்புக்கு வெறுங்கையோடுதான் போவாள். ஒரு மார்க்கர் பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். திருப்பதி பாலாஜி காலனியில், செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தில் மற்ற ஆசிரியர்கள் அச்சடித்த புத்தகத்தையும் புரொஜெக்டரையும் வைத்து நடத்துவார்கள். நளினியின் அறையில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களிடம் இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள். அதிலிருந்துதான் பாடம் கிளம்பும்.

ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் நிற்கிற சம்பத், வெந்நீர் வரவில்லை என்று டெல்லிக்காரர் ஒருவர் சத்தம் போட்டதைத் தட்டுத்தடுமாறிச் சொல்வான். உடனே எல்லாரும் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் டெல்லிக்காரர், இன்னொருவர் சம்பத். சொல் வராமல் யாராவது நின்றுபோனால், அந்தச் சொல்லை மட்டும் பலகையில் எழுதுவாள். பிறகு ஜோடியை மாற்றி அதே சண்டையை மறுபடியும் போடச் சொல்வாள். இரண்டாம் தடவை வாய் கொஞ்சம் இளகிவிடும். தவறுகளைக் கடைசியில் எழுதித் திருத்துவாள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லமாட்டாள்.

அவள் வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது. உன் பெயர் என்ன என்று பத்து நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்பதில் அர்த்தமில்லை. தெரியாததைக் கேட்டால்தான் பதிலைக் காது கொடுத்துக் கேட்போம். பதில் சொல்கிறவரும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

நிலையத்தை நடத்திய ஹேமநாத்துக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பணம் கட்டி வருகிறவர்கள் கையில் புத்தகம் இல்லையே என்று கேட்டார். அவளுடைய வகுப்புக்குத்தான் ஆட்கள் பாதியில் நின்றுவிடாமல் வருகிறார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

இந்த முறையை அவள் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நகரிக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம் அவளுடையது. எம்.ஏ. முடித்ததும் சித்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சரானாள். வீட்டுக்கு வந்தால் அட்டை வெட்டுவது, படம் ஒட்டுவது, சார்ட் எழுதுவது என்று உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் அந்த அட்டைப் பை பங்காருபாளையம் போகிற பஸ்ஸிலேயே போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பில் நின்று, நீங்கள் எல்லாம் பள்ளிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் விடாமல் பேசினார்கள், அரையும் குறையுமாக, ஆனால் ஆங்கிலத்தில்.

அன்றோடு அட்டை வெட்டுவதை நிறுத்தினாள். வீட்டில் மாலை நேரம் காலியானது. அப்போதுதான் தானும் கணவனும் பேசிக்கொள்வதே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. கெட்டவன் இல்லை அவன். ஆனால் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது, அத்தனை வருஷமும் கத்திரிக்கோல் சத்தத்தில் அது தெரியவில்லை. பெரிய சண்டை எதுவும் இல்லாமலே இருவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். அவள் திருப்பதிக்கு வந்து பவானி நகரில் மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டாள். சித்தூர்ப் பக்கம் அதன்பிறகு போகவேயில்லை. ஊரிலிருந்து அப்பா, அவள் நைனா என்று கூப்பிடுகிற முனிகிருஷ்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். "துன்னியாம்மா?" என்பார். துன்னேன் நைனா என்பாள். மழை, கரும்பு, தம்பி பிள்ளைகள் என்று இரண்டு வார்த்தை வரும், பிறகு வைத்துவிடுவார்.

செங்கமலம் வந்து சேர்ந்த பேட்சில்தான் அது நடந்தது. முப்பதைத் தாண்டிய பெண். ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு உதவியாளாக இருந்தாள். நர்சுகளோடும் வடநாட்டு நோயாளிகளோடும் பேச வேண்டும் என்று வந்திருந்தாள். தெலுங்கு சரளமாக வரும், ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் முணுமுணுப்பாள். அந்தத் தமிழைக் கேட்டதுமே எல்லைப்பக்கத்து ஆள் என்று நளினிக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு யாரோ வராததால் ஜோடிக்கு ஆள் குறைந்தது. செங்கமலம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நளினியே நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். நேற்றைய மாலையைப் பற்றிக் கேளுங்கள் என்பது பயிற்சி. செங்கமலம் சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்து, நேற்று வகுப்பு முடிந்தபிறகு நீங்கள் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டாள்.

நளினி வாயைத் திறந்தாள். தங்கையோடு, தோழியோடு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சட்டம் போட்டவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"நோபடி," என்றாள்.

முந்தாநாள்? அதற்கும் அதே பதில்தான். பூக்காரியோடு பேசினேன் என்றாள் பிறகு யோசித்து. சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து ஜோடிகள் பேச்சை நிறுத்தியிருந்தன. சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். நளினி எழுந்து, சரி, ஜோடி மாறுங்கள் என்றாள்.

ஒரு வாரம் கழித்து செங்கமலம் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். தமிழில் பேசினாள். "மேடம், நானு ஹாஸ்டல்ல இருக்கறேன். ஒரே ரூம்ல ஆறு பேரு, சரியா தூங்க முடியல. உங்க ரூம்ல ஒரு ஓரமா இடம் குடுத்தா பாதி வாடகை குடுத்துக்கினு இருந்துக்குவேன்."

நளினி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊரு நீ?" என்று கேட்டாள், அந்தப் பக்கத்து ஆளைப் பார்த்தால் யாரும் கேட்பதுபோல.

"சத்தியவேடு, மேடம்."

"சத்தியவேட்டுல எங்க?"

செங்கமலம் ஒரு கணம் தாமதித்தாள். "காலனி," என்றாள்.

நளினி துடைப்பதைத் தொடர்ந்தாள். ரூம் ரொம்பச் சின்னது, சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டாள். செங்கமலம் சரிங்க மேடம் என்று சொல்லி இறங்கிப் போனாள். அந்த வாரத்தோடு வகுப்புக்கு வருவதும் நின்றது.

நளினி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தான் தனியாக இருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் செங்கமலம் இடம் கேட்டிருக்கிறாள், யாருடைய இரக்கமும் எனக்கு வேண்டாம் என்றுதான் நளினிக்குக் கோபம். பேட்ச் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். மூன்று மாதம் தங்கள் வீடு, வேலை, பயம் எல்லாவற்றையும் அந்த வட்டத்தில் கொட்டியவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அது எப்போதும் நடப்பதுதான். கடைசி நாளில் சம்பத் பேச்சுவாக்கில் சொன்னான், செங்கமலத்துக்குச் சித்தூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டதாம். இங்கே ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லாரும் எந்தத் தெரு என்றுதான் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அறைக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் நளினிக்கு அந்த மூன்று வாக்கியங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. எங்க என்று கேட்டது. காலனி என்ற பதில். உடனே, சரிப்பட்டு வராது. களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றாள்.

பல நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் அழைத்தபோது செங்கமலம் எடுத்தாள், மரியாதையாகத்தான் பேசினாள். நேரில் பார்க்கலாமா என்று நளினி கேட்டதற்கு, ஞாயிறு டூட்டி இருக்கு மேடம், சாப்பாட்டு நேரத்துல வந்தீங்கன்னா பாக்கலாம் என்றாள்.

அந்த ஞாயிறு நைனாவின் போன் வந்தபோது நளினி பஸ்ஸில் இருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டார். சித்தூருக்கு என்றாள். பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார். சந்திரகிரி தாண்டி பஸ் வேகமெடுத்தது. சித்தூரில் இறங்கியபோது பழைய பள்ளிக்குப் போகிற தெருவைப் பார்க்காமல் நேராக ஆட்டோ பிடித்தாள்.

மருத்துவமனை கேன்டீனில் செங்கமலம் நீல உடையில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை மூடியில் வைத்து நீட்டினாள். நளினி வாங்கிச் சாப்பிட்டாள். வேலை எப்படி, டாக்டர்கள் எப்படி என்று பேசினார்கள். புது இடத்தில் இரண்டு நர்சுகளோடு வீடு எடுத்திருக்கிறாளாம். பிறகு செங்கமலமே கேட்டாள்.

"அன்னிக்கி ஏன் மேடம் வேணாம்னீங்க? காலனின்னு சொன்னதுக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் நளினி திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"நீ என்மேல பரிதாபப்படறன்னு நெனச்சேன். அந்தக் கோவம்தான் பெரிசு," என்றாள். பிறகு நிறுத்தி, "ஆனா நீ காலனின்னதும், ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்வாங்கன்னு ஒரு நொடி நெனச்சேன். நெனைக்கலன்னு சொன்னா பொய்யாயிடும்."

செங்கமலம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "பரிதாபம்லாம் இல்ல மேடம். எனக்கு நெசமாவே தூங்க இடமில்ல," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.  டீ வந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு செங்கமலம் டப்பாவை மூடினாள். ஆறிப்போறதுக்குள்ள டீயைக் குடிங்க என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள்.

நளினி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். திருப்பதி வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

அதன்பிறகு அவள் வகுப்பில் ஒன்று மாறியது. யாரிடமும் எந்த ஊர் என்று அவள் கேட்பதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வாள், அதற்குமேல் தோண்டமாட்டாள். நாற்காலிகள் வட்டமாகத்தான் கிடந்தன, புது பேட்சும் பேசக் கற்றுக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து செங்கமலம் போன் செய்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் பயப்படாதீர்கள் என்பதை ஆங்கிலத்தில் எப்படி இதமாகச் சொல்வது என்று கேட்டாள். நளினி நான்கு விதமாகச் சொன்னாள். செங்கமலம் இரண்டைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பேச்சு தமிழுக்கு மாறி, சித்தூர் வெயிலையும் வீட்டுக்காரம்மாவையும் சுற்றிவந்தது. வைக்கும்போது நளினி, திருப்பதி வந்தா ரூமுக்கு வாயேன் என்றாள்.

"பாக்கலாம் மேடம்," என்றாள் செங்கமலம்.

இன்னும் வரவில்லை. எப்போதாவது போன் வருகிறது. வராத நாட்களில் நளினி வகுப்பு முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டு, பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி, நடந்தே அறைக்குப் போகிறாள்.