காகசஸை அமைதிப்படுத்த மறுத்த கதை

சரித்திர வாத்தியாருக்குச் செத்தவர்களால் தொல்லை கிடையாது; உயிரோடு இருப்பவர்களால்தான் எல்லாம். வகுப்பெடுத்து வயிறு வளர்த்த சக பாவிகளுக்கு இது நன்றாகப் புரியும். நான் எழுபதுகளில் மாண்ட்ரியலில், காகசஸ் மலைநாட்டை ரஷ்யப் பேரரசு பிடித்து ஆண்ட கதையைக் கல்லூரியில் பாடமாக நடத்தியவன்.

ரயிலடிக் கேள்வி

எங்கள் புறநகரான ரொக்ஸ்பரோ ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும்போது ஒரு மதுரைக்கார டாக்டர் பேச்சுக் கொடுப்பார். என்ன பாடம் என்று கேட்டார், சொன்னேன். அந்தக் குளிரிலும் மஃப்ளரை இறக்கிவிட்டுச் சிரித்தார். "நம்மள ஆண்டவங்க கதையே தலைக்கு மேல கிடக்கு. அடுத்தவங்கள ஆண்டவங்க கதைய நீங்க எதுக்கு சார் சுமக்கிறீங்க?"

பழக்கதோஷம்

சென்னையில் ஏழு வருஷம் கேள்வித்தாள் தயாரித்த கை இது. அரையாண்டுப் பரீட்சைக்கு யோசிக்காமல் எழுதிவிட்டேன்: காகசஸ் வைஸ்ராயின் நிர்வாகச் சாதனைகளை விவரிக்க. ஜார் மன்னரும் அங்கே ஒரு வைஸ்ராயைத்தான் உட்கார வைத்திருந்தார். வெள்ளைக்கார வைஸ்ராய்களைப் பற்றி நான் மனப்பாடம் செய்து பதில் எழுதிய அதே கேள்வி, ஆள்தான் வேறு.

நகரின் லாசால் பகுதியிலிருந்து வரும் மிஷேல் என்ற பிரெஞ்சுக்காரப் பெண் சாலை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எதையும் எழுதவில்லை. காடுகளை வெட்டிச் சாய்த்ததை எழுதினாள். ஊர்களைக் கொளுத்தியதை, மலைமக்களைக் கப்பலேற்றித் துரத்தியதை எழுதினாள். முழு மார்க் போட்டேன். ஆனால் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "இதைச் சாதனை என்று உங்களிடம் யார் சொன்னது, புரொபசர்?"

ஒரு கையெழுத்து

சூட்டோடு சூடாக, அடுத்த ஆண்டுப் பட்டியலில் பாடத்தின் பெயரை 'காகசஸ் ஆக்கிரமிப்பு' என்று மாற்றிக் கொடுத்தேன். துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஜாரின் தளபதிகளுக்குப் பரம விசிறி அவர். 'காகசஸில் அமைதியும் நிர்வாகமும்' என்று இருக்கட்டும், ஊர் எரிப்பெல்லாம் ஒரே வகுப்போடு போதும் என்றார். சம்மதக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். பக்கத்திலேயே என்னை நிரந்தரமாக்கும் கோப்பு. இதில் நான் கையெழுத்திட்டால் அதில் அவர் கையெழுத்திடுவாராம். "எங்கிருந்தோ வந்தவர் நீங்கள். கொஞ்சம் நன்றியோடு நடந்துகொள்வது நல்லது."

பியர்பொன்ட்ஸ் ஆலோசனை

ரொக்ஸ்பரோவை ஒட்டிய பியர்பொன்ட்ஸில்தான் எங்கள் வீடு; வந்ததும் பேனாவைத் தேடினேன். மறைப்பானேன், எனக்குப் பயம். பெயர்தானே, போனால் போகிறது என்று மனைவி சரோஜாவிடம் சமாதானம் பேசினேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "தாராளமா கையெழுத்துப் போடுங்க. அப்படியே அந்தப் பொண்ணுக்குப் போட்ட மார்க்கையும் அடிச்சிட்டு வந்துடுங்க."

கடைசி வரிசை

மறுநாள் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே துறைத்தலைவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஊரைக் கொளுத்தியதற்கு அமைதி என்று பெயர் வைக்க என்னால் முடியாது என்றேன். அத்தோடு வேலை போயிற்று. பருவம் முடியும்வரை ஆறு வாரம் மட்டும் மிச்சம்.

அன்றைக்கே தலைவர் என் வகுப்பில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எரிந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவர் எழுந்து, "இவர் இன்னும் ஆறு வாரம்தான் இங்கே இருப்பார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். மிஷேல் கையைத் தூக்கினாள். "அப்படியானால் ஆறு வாரமும் இதையே நடத்துங்கள், புரொபசர்."

அப்புறம் பதினெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். காகசஸ் மலைக்கு மட்டும் யாரையும் கேட்காமல் இரண்டு பீரியட் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.