மணவூரில் ஏறிய தோழி

பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் குறைந்தது. அதற்காகத்தான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடத்திய இரண்டு வார ஆய்வுத்திறன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். திருத்தணியில் ஒரு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். பாடம், விடைத்தாள், மதிப்பெண் பதிவு, மறுபடி பாடம் என்று வருஷங்கள் ஓடியிருந்தன. ஆய்வு என்ற சொல்லை மாணவர்களின் ப்ராஜெக்ட் அட்டையில் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் அங்கே விடுதியில் தங்காமல் தினமும் ரயிலில் போய்வந்தேன். முதல் நாள் காலை, அரக்கோணம் தாண்டி மணவூரில் ஒரு பெண் ஏறி என் எதிரில் உட்கார்ந்தாள். என் மடியில் இருந்த பயிற்சி அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து அதே தாளை எடுத்துக் காட்டினாள்.

“நீங்களும் அங்கதானா மேடம்? நல்லதாப் போச்சு. தனியா எப்படிப் போறதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். வீடு மணவூர், கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். அந்த வாரம் முடிவதற்குள் மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

முதல் சில நாட்கள் கணினியும் மேற்கோள் காட்டும் முறையுமாகப் போயின. பாதிப்பேர் போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நேர்காணல் எடுப்பது எப்படி என்ற வகுப்பு வந்தது. நடத்தியவர் ஒன்றுதான் அழுத்திச் சொன்னார். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தோம். வாயை மூடிக்கொண்டிருக்க எங்களில் யாருக்குத் தெரியும்?

இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் வராந்தா ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டோம். அவள் கேட்டாள், “எதைத் தெரிஞ்சிக்கணும்னு ஆசைக்கா உங்களுக்கு?”

“ஆசை என்ன ஆசை. சர்டிபிகேட் வேணும், வந்தேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு நானே பேசினேன்.

“என் கிளாஸ்ல ஆர்.கே.பேட்டை பக்கத்துலேர்ந்து பஸ்ஸுல வர்ற பொண்ணுங்க இருக்குது. வராந்தாவுல அவ்ளோ பேசுதுங்க. நான் உள்ள போனா ஒருத்தியும் வாயத் தொறக்கறதில்ல. ஏன்னே தெரியல எனக்கு.”

சொன்ன பிறகுதான், அந்தக் கேள்வி பல வருஷமாக எனக்குள் இருந்தது என்பது எனக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள், “இது போதும்க்கா. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணலாம்.”

அன்று திரும்பும்போது ரயிலில் அதே பேச்சு. யாரிடம் பேசுவது, எப்படித் தொடங்குவது, “ஏன் பேசமாட்டேங்கற” என்று நேராகக் கேட்டால் பயந்துவிடுவார்களே, வேறு எப்படிக் கேட்பது. வாக்குவாதத்தில் மணவூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை; தெரிந்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் அரக்கோணத்தில் இறங்கிக் கணவரோடு திரும்பிப் போனாள். கல்லூரியில் படித்த நாட்களுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

பயிற்சி முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் அவள் திருத்தணிக்கு வந்தாள். காலியான வகுப்பறையில் உட்கார்ந்து, சம்மதித்த மாணவிகளிடம் பேசி, அதைப் போனில் பதிவு செய்துகொண்டோம். ஒருத்தி தலையைக் குனிந்தபடியே சொன்னாள்:

“வூட்ல தெலுங்குதான் மேடம். புக்கு இங்கிலீஷ்ல இருக்குது. நீங்க தமிழ்ல சொல்றீங்க. டவுட் வந்தா அத எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிகினு இருப்பேன். அதுக்குள்ள நீங்க அடுத்ததுக்குப் போயிடுவீங்க.”

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சுக்கடியில் தோழி என் காலை மிதித்தாள். அடங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் நிமிர்ந்து, “எங்க நைனாகூட இப்படி ஒக்காந்து கேட்டதில்ல மேடம்” என்றாள். அதன் பிறகு அவள் நிறுத்தவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் முழுநேர ஆய்வுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. இருவரும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். என் கல்லூரி நிர்வாகம் விடுப்பு தரமுடியாது, போவதானால் வேலையை விட்டுவிட்டுப் போங்கள் என்றது. வீட்டுச் சூழ்நிலையும் இடம் தரவில்லை. நான் விலகிக்கொண்டேன். அவளுக்குக் கிடைத்தது.

வழியனுப்ப அரக்கோணம் போயிருந்தேன். “நீங்க இல்லாம போறது என்னமோ மாதிரி இருக்குதுக்கா” என்றாள்.

“போம்மா. இப்படியே நின்னுகினு இருந்தா ரயிலு போயிடும்.”

மனதாரத்தான் சொன்னேன். வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கமுடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். சில மாதங்களில் அவள் கணவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டார்.

பதிவுகளை நான் ஒருத்தியாக எழுத்தில் கொண்டுவந்தேன். போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு எழுதவேண்டும். மாணவியின் பேச்சுக்கு நடுவே “ஆங்” என்று தோழியின் குரல் வரும். அந்த இடத்தைத் தேவையில்லாமல் இரண்டு முறை கேட்பேன். கட்டுரையை எங்கள் இருவர் பெயரிலும் வேலூரில் ஒரு சிறிய கருத்தரங்கில் வாசித்தேன். முடிந்ததும் ஒருவர், தமிழே வீட்டுமொழியான பெண்களும் பேசுவதில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அந்தச் சனிக்கிழமைகளில் நாங்கள் மணிக்கணக்காக அடித்துக்கொண்ட விஷயம் அது. என்னையறியாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தெரிந்ததைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

போன ஆடிக்கிருத்திகைக்கு முந்தின நாள் அவள் கூப்பிட்டாள். அவளுடைய ஆய்வு வேறு திசையில் போய்விட்டது. அவள் சொன்ன பெயர்களில் பாதி எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன கல்லூரிச் சங்கதிகளுக்கு அவளும் ஒப்புக்குச் சிரித்தாள். பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. அப்போது எங்கள் தெருவழியாகக் காவடிகள் மலைக்குப் போயின. பம்பைச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை.

“அப்புறம் பேசட்டுமா?” என்று கத்தினேன்.

“வெச்சிடாதீங்கக்கா. கொஞ்ச நேரம் அப்படியே புடிங்க.”

போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். கூட்டம் தெருமுனை திரும்பும்வரை இருவரும் எதுவும் பேசவில்லை.

இந்த வருஷம் பகுதிநேர ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் எதிரில் உட்கார்ந்து, நான் பேசும்வரை காத்திருக்கும் ஒரு ஆளை எங்கே விண்ணப்பித்து வாங்குவது என்று தெரியவில்லை.