தையலக்கா கூரைமேல் விழுந்த டேங்குகள்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. தெருவின் கிழக்குக் கடைசியில், தகரக் கூரை போட்ட கொட்டகைதான் அவளுடைய கடை. புருஷன் போன பிறகு ஒற்றை மிஷினை மிதித்தே மகளைப் படிக்கவைத்துக் கரையேற்றியவள். வாய் கொஞ்சம் காரம்தான். ஆனால் அந்தக் காரத்தை வாடிக்கையாளர் யாரும் கண்டதில்லை. தன் உடம்பு பெருத்ததற்குச் சட்டையைக் குறை சொல்கிறவர்களிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள். பிழைப்பு அந்தத் தெருவை நம்பித்தானே!

அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஒருநாள், எல்லா மாடிகளிலும் தண்ணீர் டேங்கைக் காலி செய்து, கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, உருட்டிக் கழுவி, மூடியைத் திறந்து காயவைப்பார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர்தான் மேற்பார்வை. இந்த முறை மத்தியானமே மேற்கில் வானம் கறுத்துவிட்டது. தண்ணீர் ஏற்றிவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "நல்லா காயட்டும், காலைல ஏத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். மழை வருகிற நேரத்தில் டேங்கைக் காயவைத்த மகானுபாவர்!

இடியோடு காற்று வந்தது. சுழன்றடிக்கிற காற்று இல்லை. துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவதுபோல், மேற்கிலிருந்து கிழக்கே ஒரே மூச்சாக நேரே வந்த காற்று. அதற்குக் காலி டேங்கெல்லாம் எம்மாத்திரம்? மாடி மாடியாகக் கிளம்பிப் போய்க் கடைசிக் கொட்டகையின் தலையில் இறங்கின. தையலக்கா துணி வெட்டும் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். தடால் தடாலென்று சத்தம். தகரம் கிழிந்து கூரை மொத்தமும் சரிந்தது. மேசை கெட்டியாக இருந்ததால் உயிர் பிழைத்தாள்.

மழை விட்டதும் ஊர்ந்து வெளியே வந்து பார்த்தாள். மிஷின் தப்பியிருந்தது. பள்ளிச் சீருடைக்கு வெட்டிவைத்த துணி சேற்றில் கிடந்தது. துணியைத் துவைத்துக்கொள்ளலாம், கூரைக்கு எங்கே போவது? அவளுக்கு வருஷச் சாப்பாடே இந்தச் சீருடைத் தையலில்தான். இப்போது விட்டால் வேலை அத்தனையும் வேறு கடைக்குப் போய்விடும்.

அதற்குள் தெருவே திரண்டு வந்தது. ஆறுதல் சொல்லத்தான் வருகிறார்கள் என்று அந்தப் பைத்தியம் நினைத்தது.

"அக்கா, நீல மூடி ஒண்ணு பாத்தீங்களா? எங்க டேங்கோடது" என்றாள் பச்சை வீட்டுக்காரி.

டாக்சி ஓட்டுகிறவர் ஒவ்வொரு டேங்காகத் தட்டிப் பார்த்தார். அது தன்னுடையது என்று இன்னொருவர் அவரோடு மல்லுக்கு நின்றார். இரண்டு பேரும் நின்றது சீருடைத் துணிமேல். அடிபட்டதா என்று ஒரு நாக்காவது கேட்கவேண்டுமே!

தலைவர் வந்தார்.

"என் கூரைக்கு என்ன வழி சொல்றீங்க?" என்று தையலக்கா கேட்டாள்.

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? காத்து கொண்டாந்து போட்டுச்சு. யாரக் குத்தம் சொல்ல முடியும்?" என்றார் அவர். கூட்டம் தலையாட்டியது. "சரி சரி, அவங்கவங்க டேங்க எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"யாரும் தொடக்கூடாது!"

தையலக்காவின் அந்தக் குரலை அந்தத் தெரு கேட்டதே இல்லை. கையில் எடுத்த டேங்கை டாக்சிக்காரர் அப்படியே கீழே வைத்தார்.

"கூரைய ஒடைச்சது காத்துன்னா, இத்தனை டேங்கையும் எனக்குக் குடுத்ததும் காத்துதான். வேணும்னா காத்துகிட்டப் போய்க் கேளுங்க. இல்ல, டேங்க் ஒங்களோடதுன்னா, அது ஒடைச்ச கூரையும் ஒங்க தலையிலதான். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பேச்சில் மரியாதையும் இறங்கியது. "இந்தத் தெருவ நம்பித்தான் பொழைக்கிற. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் சொன்னது பொய்யில்லையே. நாளைக்கே ஒருத்தரும் துணி கொடுக்காமல் போகலாம். ஆனாலும் பக்கத்தில் கிடந்த டேங்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பொழைக்கிறதுக்குக் கூரை வேணும்ல? சொல்லுங்க, டேங்க் யாரோடது?"

ராத்திரிக்குக் குடிக்கக்கூட எந்த மாடியிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் பச்சை வீட்டுக்காரிதான், தலைவரைப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்:

"எங்களோடதுதாங்க்கா."

"அப்ப ஏணி கொண்டாங்க" என்றாள் தையலக்கா.