அறுபது லிட்டர் கடல்

அந்தப் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், கண்ணாடித் தொட்டிக்குள், அறுபது லிட்டர் கடல் ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். வரவேற்பு மேசைப் பெண் வேதியியல் பட்டதாரி என்பதால், வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் தொட்டியை அவள் தலையில் கட்டிவிட்டார். அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள். அந்த மூன்று வருடப் படிப்பு அவள் நாளில் எங்காவது தலைகாட்டுகிறது என்றால், அது இந்தத் தொட்டியில்தான். மற்ற நேரமெல்லாம் டோக்கன் கொடுப்பதும் பெயரைக் கூப்பிடுவதும்.

மீன்களைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பல்வலியோடு வந்த பெரியவர் ஒருவர் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டார். டாக்டர் காலையில் தீனி போடுவார், போட்டதை மறந்து மதியமும் போடுவார். தின்னாத தீனி அழுகினால் அம்மோனியா ஏறும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கூட்டிப் பெருக்கும் அக்கா அவளுக்கு 'சயின்டிஸ்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை மீன் ஒன்று செத்து மிதந்தது. இன்னொன்று மூலையில் ஒண்டி மூச்சு வாங்கியது. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குள் இது தேறாவிட்டால் தொட்டியை வெளி ஆளிடம் ஒப்படைத்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுப் பார்த்தாள். அம்மோனியா இல்லை. நைட்ரேட்டும் பயப்படும்படி இல்லை. காரணம் பிடிபடாமல் எரிச்சலாக வந்தது. பிஸ்கட் பெரியவரையும் டாக்டரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். அக்கா துடைப்பத்தோடு வந்து ஆறுதல் சொன்னார்.

"தண்ணி குறைஞ்சு உனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு மூணு வாரமா நீ வர்றதுக்கு முன்னாடியே நான் ஊத்தி வைக்கிறேன். அப்படியும் இப்படி ஆயிடுச்சே."

"எந்தத் தண்ணி?"

"நீ உப்புக் கலக்கி வச்சிருக்கியே, அந்த நீலக் கேன் தண்ணி. கடல் மீனுக்கு வெறும் தண்ணி ஊத்தினா செத்துடாதா? எனக்கு அவ்வளவு கூடவா தெரியாது?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆவியாகிக் காற்றோடு போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீலக் கேன், பழைய தண்ணீரை எடுத்து மாற்றும்போது ஊற்ற வைத்தது; குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அக்கா உப்பின் மேல் உப்பாக ஏற்றியிருக்கிறார்.

கத்த வாயெடுத்தவள், தினமும் தொட்டியின் அளவுகளை எழுதும் நோட்டைப் புரட்டினாள். உப்பளவுக் கட்டத்தில் மூன்று வாரமும் கடல் நீருக்குரிய 1.025. ஒரே பேனா, ஒரே சாய்வு. உப்பு எங்கே ஓடிவிடப்போகிறது என்று அளக்காமலே முந்தின நாள் எண்ணை எழுதி வந்திருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிப் பழகிய கை. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஏன் குறையவே இல்லை என்று கேட்கத் தோன்றாத மூளைக்கு ஒரு பட்டம் வேறு. உப்பு அளக்கும் கருவியை எடுத்து அளந்தாள். 1.034.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்கவில்லை. "அந்த அம்மாவை இனிமே தொட்டிப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிடு. மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு மாத்து."

"ஒரேயடியா மாத்தினா மீன் தாங்காது டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். அப்புறம், தப்பு அக்கா மேல இல்ல. நான் அளக்கவே இல்ல. அளந்த மாதிரி எழுதி வச்சேன்."

டாக்டர் முகக்கவசத்தை இறக்கி அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் அளந்தாள். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுப்பாள், அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்றுவாள். அக்கா தொட்டிப் பக்கம் வராமல் எதிர்ச் சுவரோரமாகவே பெருக்கிப் போனார். புதன்கிழமை மட்டும், "நான் ஊத்தினதாலதான் அது செத்துச்சா?" என்று கேட்டார். அவள் "நான் பாக்காததால" என்றாள். இரண்டும்தான் உண்மை என்பது அவளைக் குடைந்தது.

வெள்ளிக்கிழமை காலை 1.027. டாக்டர் வந்தார். அவள் தடுப்பதற்குள் ஒரு பெரிய சிட்டிகைத் தீனியைத் தூவினார். மீன் மூலையை விட்டு வந்து ஒன்றைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது.

"சாப்பிடுது பாரு. வெளி ஆள் வேண்டாம்."

அளவு இன்னும் சரியாகவில்லை, இரண்டு நாளாவது ஆகும் என்று அவள் எண்ணோடு விளக்கத் தொடங்கினாள். டாக்டர் அதற்குள் உள்ளே போய் அடுத்தவரை அனுப்பச் சொல்லிவிட்டார். இந்த முறை அவள் நேர்மையாக அளந்த எண். காது கொடுக்க ஆளில்லை. மிச்சத் தீனி மணலில் படிந்துகொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை உறிஞ்சி எடுக்கக் குழாயைத் தேடினாள்.