கால் பங்கு கொடுத்தால்தான் பாதி வெளிச்சம்

கண் ஆபரேஷன் முடிந்த மனைவிக்குக் கூசாத விளக்கு வேண்டும். சின்ன எலக்ட்ரானிக் போர்டு ஒன்றில் பைத்தான் புரோகிராம் எழுதினேன். வெளிச்சத்துக்கான எண்ணைப் பாதியாக்கியும் எல்இடி வெளிச்சம் குறைந்த மாதிரியே இல்லை.

நேற்று போர்டு விற்ற மாட்டுங்கா கடைக்காரர் பார்த்துவிட்டு, "போர்டு கராப், கெட்டுப்போச்சு அங்கிள். வேற வாங்குங்க. இந்த வயசுல பைத்தான் எதுக்கு?" என்றார். வழக்கம்போல் தலையாட்டினேன்.

வீட்டில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டு, நோட்டில் குறித்தேன். போர்டில் தப்பில்லை; நம் கண் அப்படி. கால் பங்கு கொடுத்தால்தான் பாதியாகத் தெரிகிறது.

இன்று அவர் மேஜையிலேயே அதே போர்டை ஓட்டிக் காட்டினேன். விளக்கு மங்கியது.

"சரி அங்கிள், புது போர்டு பேக் பண்ணவா?"

"வேண்டாம்."

எழுபத்திரண்டு வயதில், கடையில் நான் சொன்ன முதல் 'வேண்டாம்'. நீங்களெல்லாம் எந்த வயதில் சொன்னீர்கள்?