பூட்டிய ஸ்டோரும் தண்ணீர்ப் பந்தலும்

சம்பளத்துக்கு ஹாக்கி ஆடுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்வார்களா? என் தம்பி அப்படிப்பட்ட குழு ஒன்றின் கோல்கீப்பர். அதற்கான கூட்டம் எங்கள் வீட்டு ஹாலிலேயே நடந்தும் எனக்கு இது விளங்கவில்லை. நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். தகராறு என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிற ஆள். ஆனால் எங்கள் தகராறில் மெஷின் நிற்கும், சரக்கு தேங்கும். பந்து உருளாமல் போனால் யாருக்கு என்ன தேங்கும்?

விஷயம் இதுதான். பயிற்சியில் தம்பிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் ஒழுங்காக நடக்கலாம் என்றார் டாக்டர். குழுவின் முதலாளி, சிம்பாங் அம்பாட்டில் லாரி கம்பெனி வைத்திருப்பவர், ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியம் அவர் பொறுப்பு. பயிற்சியில் அடிபட்டால் அவரவர் பாடு. அந்த வரியை மாற்றும்வரை ஆடமாட்டோம் என்று மொத்தக் குழுவும் உட்கார்ந்துவிட்டது. பதிலுக்கு முதலாளி தம் லாரி யார்டிலிருந்த ஸ்டோரைப் பூட்டிவிட்டார். ஸ்டிக், காலில் கட்டும் பேட், ஹெல்மெட் எல்லாம் உள்ளே போய்விட்டன.

பனிக்கட்டியில் ஹாக்கி ஆடும் நாடுகளில் முதலாளிகளே கதவைச் சாத்தி, ஒரு பருவம் முழுக்க ஆட்டமே இல்லாமல் போனதும் உண்டு என்று தேடிப் படித்தேன். பெரிய கண்டுபிடிப்பு போலத் தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அங்க கோடீஸ்வரனும் கோடீஸ்வரனும் சண்ட போடுறாங்கக்கா. இங்க எனக்கு முட்டி வலிக்குதுலா" என்றான்.

இந்த நேரம் பார்த்துத் தைப்பூசம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ரதம் வரும் வழியில், டத்தோ கிராமாட் சாலையோரம், முதலாளி தண்ணீர்ப் பந்தல் போடுவார். ரோஜா சர்பத்தான சிராப்பைக் கலக்குவதும் மோர் ஊற்றுவதும் ஆட்டக்காரர்கள்தான். பந்தலுக்கான அண்டாக்களும் அதே ஸ்டோரில்தான் கிடந்தன. இந்த முறை அவர் கதவைத் திறப்பாரா, இவர்கள் போவார்களா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கேப்டன்தான் முடிவு சொன்னான். "பந்தல் முருகனுக்கு. முதலாளிக்கு இல்ல. போறோம்."

மேனேஜரோடு முறைத்துக்கொண்டே அவர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுகிற தொழிலாளியை நான் கண்டதில்லை. வேடிக்கை பார்ப்பதற்கென்றே தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ரதத்துக்கு முதல் நாள் காலை. முதலாளி ஸ்டோரைத் திறந்துவிட்டு வாசலிலேயே கைகட்டி நின்றார். எவனாவது ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்ற பார்வை. ஒருவனும் தொடவில்லை. சுவரில் சாய்ந்திருந்த தன் ஸ்டிக் சரிந்து விழுந்தபோது, ஒருவன் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அண்டாவைப் பிடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

லாரியில் ஏற்றும்போது பெரிய அண்டா கைநழுவிக் கேப்டனின் பாதத்தில் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"டேய், அசையாதடா! காடிய எடுங்கடா!" என்று காரைக் காட்டிக்கொண்டே முதலாளி பாய்ந்தார். அவரே அவனைத் தோளில் தாங்கிக்கொண்டுபோய்த் தம் காரில் உட்காரவைத்தார். சீட்டெல்லாம் ரத்தம், அவர் கண்டுகொள்ளவில்லை. மதியம் கால்கட்டோடு அவனைக் கொண்டுவந்து இறக்கினார். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நான் பாத்துக்கிட்டேன்" என்றார், முகமெல்லாம் திருப்தி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க ஏன் முதலாளி பாத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"என்னாம்மா கேள்வி இது? என் பந்தல் வேலையில அடிபட்டிருக்கான்."

"பந்தல் நாளைக்குத்தானே? இன்னிக்கு வெறும் பயிற்சிதானே?"

முதலாளியின் முகம் சிவந்தது. "சாமி காரியத்தையும் இதையும் ஒண்ணா பேசாதம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தம்பி என் கையைக் கிள்ளினான்.

மறுநாள் ரதம் வந்தது. சாலை முழுக்க உடைத்த தேங்காய். தம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டிக்கொண்டு மோர் ஊற்றினான். பக்கத்திலேயே முதலாளி சிராப் ஊற்றினார். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"ஒன் ஆபரேஷன நான் பாத்துக்கிறேன். இத இவனுங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

எனக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்லுடா, சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். தம்பி கையிலிருந்த கப்பை நிரப்பி, எதிரில் நின்றவரிடம் கொடுத்தான்.

"வேணாம் முதலாளி. அந்த வரிய மாத்துங்க. எல்லாருக்கும்."

அவர் அடுத்த கப்பில் சிராப்பை ஊற்றினார். எனக்கு அவனை அங்கேயே நாலு அறை விடவேண்டும் போலிருந்தது. கால் யாருடையது? வாழ்நாள் முழுக்க நொண்டப்போவது யார்?

பூசம் முடிந்து, கழுவிய அண்டாக்களைத் திரும்ப ஸ்டோரில் அடுக்கினார்கள். முதலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நொண்டிக்கொண்டே அண்டா மூடிகளை எடுத்துவைத்த கேப்டனைப் பார்த்தார். வாசலில் ஊன்றுகோலோடு நின்ற தம்பியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தொழிற்சாலையில இந்த மாதிரி எழுதுற வேலதானே ஒனக்கு? அந்த வரிய எப்படி மாத்தணுமோ மாத்தி எழுதிக் கொண்டாம்மா." பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் மாற்றியது கொஞ்சம்தான். 'ஆட்டத்தில்' என்றிருந்ததை 'ஆட்டத்திலோ பயிற்சியிலோ' என்று ஆக்கினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பிக்கு ஆபரேஷன் நடந்தது. நன்றாக நடக்கலாம், ஆனால் இனி கோலில் நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நான்தான் அழுதேன்.

சில மாதம் கழித்து அவனோடு பயிற்சி பார்க்கப் போனேன். அவனுடைய பேட்டைக் கட்டிக்கொண்டு புதிய கோல்கீப்பர் நின்றான். பந்து ஓரமாக வந்தபோதெல்லாம் பாயத் தயங்கினான். தம்பிக்குப் பொறுக்கவில்லை. வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினான்.

"பயப்படாம விழுடா! பாத்துக்குவாங்க!"