கையெழுத்து இல்லாத மதிப்பெண்கள்

மருந்தியல் துறையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பாடம் நடத்திவந்த அவளுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'அரைமார்க்'. அரை மதிப்பெண்ணைக்கூடச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டாள். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் செயலாளராக அவளை ஆக்கியபோது, "கூட்டத்துக்கு பிஸ்கட் வாங்குற வேலைதானே" என்று ஒப்புக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை, துறையின் புது ஆசிரியர் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது. மருந்தளவுத் தேர்வில் அவர் ஃபெயிலாக்கிய பதினோரு பேரும் வெளியான முடிவுகளில் தேறியிருந்தார்கள்.

"நான் மாத்தலைங்க மேடம். என் பேர்லதான் ஏத்தியிருக்காங்க. கேட்டா, 'காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும்ல, பேசாம இருங்க'ன்னு பதிவாளர் சொல்றார்."

அவர் கொண்டுவந்திருந்த விடைத்தாள்களைப் புரட்டினாள். ஒன்றில், குழந்தைக்கான மருந்தளவு பத்து மடங்காகியிருந்தது. தேர்வு எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். நாத்தனார் மகளின் எண். நுழைவுச்சீட்டை அவளேதான் அச்சிட்டுக் கொடுத்திருந்தாள்.

விஷயம் கசிந்து, மறுநாளே நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க சும்மா இருந்தாலே போதும். அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை உறுதியாயிடுச்சு."

"அவ தாளைப் பார்த்தேம்மா. அவ கையால ஒரு குழந்தைக்கு மருந்து குடுக்க எனக்கு தைரியம் இல்ல."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடென்று போய்விட்டாள்.

புதன்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் பதிவாளரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"அந்தப் பதினோரு பேர்ல என் நாத்தனார் மகளும் ஒருத்தி. அதனால நான் ஓட்டுப் போடமாட்டேன், தீர்மானத்தை வாசிக்க மட்டும் செய்றேன்" என்றாள் அவள். ஆசிரியர் போட்ட மதிப்பெண்கள் திரும்பி வரும்வரை எந்த மதிப்பெண் பட்டியலிலும் யாரும் கையெழுத்திடுவதில்லை என்பது தீர்மானம்.

"கை தூக்கறவங்க பேரை எழுதிக்கறேன்" என்று பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

நாற்பது பேரும் மேசையையே பார்த்தார்கள். கடைசியில் கணக்குப் பேராசிரியர் கையை உயர்த்தினார்.

"எழுதிக்குங்க சார். தப்பில்லாம எழுதுங்க, என் இனிஷியல் ரெண்டு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக முப்பத்தொரு கைகள்.

ஒன்பது நாள் பட்டியல்கள் தேங்கின. பத்தாம் நாள் பழைய மதிப்பெண்கள் திரும்பின; புது ஆசிரியரின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அவளுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி மட்டும் வேறொருவருக்குப் போனது.

மறுதேர்வுக்கு முன் மாணவர்களுக்கு விடைத்தாள்களைக் காட்டினார்கள். நாத்தனார் மகள் தசமப்புள்ளி இடம் மாறிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் எழுதினதா, அத்தை?"

"ஆமா."

மறுதேர்வில் அந்தப் பெண் தேறினாள். அவளுடைய அம்மா இன்னும் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.